யாருக்குப் பாடம் சொல்லலாம்?

பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் நன்னூலை இயற்றியபோது, எழுத்தையும் சொல்லையும் எடுத்துக்கொள்ளும் முன்பே பாயிரத்தில் ஒரு கேள்விக்கு விடை சொல்லிவிட்டார்: யாருக்குப் பாடம் சொல்லலாம், யாருக்குச் சொல்லக் கூடாது? நூல் சொல்லத் தகாதவர் என்று அவர் அடுக்கும் வரிசையில் கள்ளுண்டு களிப்பவனும், கள்வனும், சோம்பேறியும் இருக்கிறார்கள். அதே வரிசையில் நோயாளியும், புத்தி மந்தமானவனும், மனம் தடுமாறுகிறவனும் நிற்கிறார்கள். முதலில் சொன்னவர்கள் தம் நடத்தையால் விலக்கப்பட்டவர்கள். அடுத்துச் சொன்னவர்கள் செய்த குற்றம் ஒன்றுமே இல்லை. இதைப் பவணந்தியாரின் தனிப்பட்ட கடுமை என்று ஒதுக்கிவிட முடியாது. புறநானூற்றின் 28ஆம் பாடலில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார், சோழன் நலங்கிள்ளிக்கு அறிவுரை சொல்லும்போது, பார்வையின்மை, கேளாமை, பேசாமை, கூன் என எட்டு வகைப் பிறப்புகளைப் பயனற்றவையாகவே எண்ணிக் காட்டுகிறார். அது ஊரறிந்த கருத்தாக இருந்தது. பவணந்தியார் அதற்கு இலக்கண வடிவம் கொடுத்தார், அவ்வளவுதான். ஆனால் அவர் சமண முனிவர். ஒவ்வோர் உயிரும் இயல்பில் எல்லையற்ற அறிவுடையது, அந்த அறிவை வினை மறைத்திருக்கிறது, உயிருக்கு உயிர் வேறுபடுவது திரையின் தடிமனே என்பது அவருடைய சமயத்தின் அடிப்படைக் கொள்கை. சைவ சித்தாந்தமும் ஆணவ மலம் மறைக்காத உயிர் இல்லை என்றே சொல்கிறது. எல்லா உயிருக்குள்ளும் அறிவு உண்டு என்று நம்பிய ஒருவர், சிலருக்குப் பாடம் சொல்ல வேண்டாம் என்று எப்படி எழுதினார்? சமயம் தந்த நம்பிக்கைக்கும் ஆசிரியத் தொழிலின் நடைமுறைக்கும் நடுவே இருந்த இந்த இடைவெளியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அந்த இடைவெளியை நிரப்பக் கூடியது கற்பிக்கும் திறன் ஒன்றுதான் என்பது என் வாதம். ‘கற்க இயலாதவர்’ என்ற சொல் ஒரு குழந்தையின் இயல்பைச் சொல்வதுபோல் ஒலிக்கிறது. உண்மையில் அது சொல்வது, அந்தக் குழந்தைக்கு எப்படிக் கற்பிப்பது என்று நமக்குத் தெரியவில்லை என்பதையே. அப்படியானால், சிறப்புக் கல்வி ஆசிரியராவதற்கான பட்டப்படிப்பை வேலைக்கான தகுதிச் சான்றாக மட்டும் பார்ப்பது போதாது. எல்லா உயிருக்கும் அறிவு உண்டு என்று நூற்றாண்டுகளாக வாயால் சொல்லிவந்த ஒரு கொள்கை, ஒரு தனிக் குழந்தையின் முன்னால் உட்கார்ந்து செயலாக மாறுவதற்குக் கற்கும் இடம் அது. இரக்கம் அந்த வாசல்வரை ஒருவரைக் கொண்டுவந்து சேர்க்கும். உள்ளே போனபின் அவர் கற்றுக்கொள்ள வேண்டியது இரக்கத்தைவிடக் கடினமான ஒன்று.

கற்க இயன்றவர், இயலாதவர் என்ற எல்லை எப்படி நகர்ந்தது என்பதை வரலாற்றில் பார்க்கலாம். 1800இல் தெற்கு பிரான்சின் அவேரோன் பகுதியில், காட்டில் தனியே திரிந்த ஒரு சிறுவன் பிடிபட்டான். மனநோய் மருத்துவத்தில் பெரும்புகழ் பெற்றிருந்த பினேல், அவனைத் தேற்ற முடியாது என்று தீர்ப்பளித்தார். ழான் இத்தார் என்ற இளம் மருத்துவர் அந்தத் தீர்ப்பை ஏற்காமல் சுமார் ஐந்து ஆண்டுகள் அவனுக்குக் கற்பித்தார். விக்டர் என்று பெயரிடப்பட்ட அந்தச் சிறுவன் கடைசிவரை பேச்சு மொழியை அடையவில்லை. இத்தார் தம் முயற்சி தோற்றதாகவே எண்ணினார். ஆனால் அந்த முயற்சிக்காக அவர் உருவாக்கிய முறைகளை எதுவார் செகாங் எடுத்து வளர்த்தார். அவர்கள் இருவரின் நூல்களையும் ஊன்றிப் படித்த மரியா மாண்டிசோரி, ரோம் நகரில் அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைகளிடம் அவற்றைச் செய்துபார்த்தார். பிறகு 1907இல், குறைபாடு ஏதுமில்லாத ஏழைக் குழந்தைகளுக்கான பள்ளிக்கு அதே முறைகளைக் கொண்டுபோனார். அவர் 1939இல் சென்னை அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தது நம் கல்வி வரலாற்றின் பகுதி. இன்று நம் ஊர் மழலையர் பள்ளியில் ஒரு குழந்தை சொரசொரப்பான எழுத்தை விரலால் தடவிக் கற்கிறதென்றால், அந்த முறையின் வேர், கற்க இயலாதவன் என்று தள்ளப்பட்ட ஒரு சிறுவனுக்காக ஒருவர் பட்ட பாட்டில் இருக்கிறது. விளிம்பில் இருந்தவர்களுக்காகத் தேடிய அறிவு எல்லோருக்குமான அறிவாயிற்று.

சட்டங்களின் வரலாறும் இதையே காட்டுகிறது. இங்கிலாந்தில் கடுமையான அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைகள், கல்விக்குத் தகாதவர்கள் என்று 1970 வரை சட்டப்படியே பள்ளி அமைப்புக்கு வெளியே, சுகாதாரத் துறையின் பொறுப்பில் வைக்கப்பட்டிருந்தார்கள். 1970இல் வந்த சட்டம் அவர்களைக் கல்வித் துறைக்குக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் பத்து லட்சம் குழந்தைகள் பொதுப்பள்ளிக்கு முற்றிலும் வெளியே நிற்கிறார்கள் என்று நாடாளுமன்றமே ஒப்புக்கொண்டு 1975இல் சட்டம் இயற்றியது. இந்தியாவில் 1995ஆம் ஆண்டின் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை மட்டுமே கண்டது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைக் கண்டது. ஆட்டிசமும், குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் அந்தப் பட்டியலில் தனித்தனியாகப் பெயர் பெற்றன. 1995க்கும் 2016க்கும் இடையில் குழந்தைகள் மாறிவிடவில்லை. அதே குழந்தைகள் முன்பும் வகுப்பின் கடைசி வரிசையில், மக்கு என்றும் பிடிவாதக்காரன் என்றும் பெயர் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மாறியது பெரியவர்களுக்குத் தெரிந்திருந்தது மட்டுமே.

இந்த அறிவு என்ன வடிவில் இருக்கிறது? நான்காண்டு ஒருங்கிணைந்த பட்டமானாலும், பட்டம் முடித்தபின் சேரும் பி.எட். சிறப்புக் கல்வியானாலும், மாணவர் அதில் முதலில் கற்றுக்கொள்வது தமக்கு எளிதாக வரும் ஒரு செயலைப் பிரித்துப் பார்ப்பதை. பனியன் போட்டுக்கொள்வது நமக்கு ஒரே செயல். அறிவுசார் குறைபாடுள்ள ஒரு குழந்தைக்கு அது ஏழெட்டுச் செயல்: முன்பக்கம் எது என்று கண்டறிவது, கழுத்து வழியைப் பிடிப்பது, தலையை நுழைப்பது, ஒவ்வொரு கையாக விடுவது, கீழே இழுத்துவிடுவது. பயிற்சி பெற்ற ஆசிரியர் பல வேளைகளில் கடைசிப் படியிலிருந்து தொடங்குவார். மற்ற எல்லாவற்றையும் தாமே செய்து, கீழே இழுத்துவிடும் வேலையை மட்டும் குழந்தைக்கு விட்டுவைப்பார். அது வந்ததும் அதற்கு முந்தைய படியையும் விடுவார். இப்படிச் செய்தால் முதல் நாளிலிருந்தே வேலையை முடித்து வைப்பது குழந்தையாகவே இருக்கும். முதல் படியில் தொடங்கினால், நாள்தோறும் பாதியில் நின்றுபோவதையே அது கற்கும். இந்த ஏற்பாட்டில் ஒரு அறம் இருக்கிறது. குழந்தையின் தன்மதிப்பு நல்லெண்ணத்தின் தயவில் விடப்படாமல், பாடம் அமைந்த விதத்திலேயே காக்கப்படுகிறது. ஆட்டிசம் உள்ள குழந்தை தலையைச் சுவரில் முட்டிக்கொண்டால், பயிற்சியில்லாத அன்பு பதறி அணைத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் அதட்டும். பயிற்சி பெற்றவர் அதற்கு முன் என்ன நடந்தது, பின் என்ன நடந்தது என்று குறித்துவைத்து, அந்தச் செயல் எதைச் சொல்ல முயல்கிறது என்று தேடுவார்: காதில் வலியா, மின்விசிறியின் இரைச்சலா, புரியாத வேலையிலிருந்து தப்பும் வழியா? பார்வையற்ற குழந்தையின் கையைச் சொல்லாமல் கொள்ளாமல் பிடித்து இழுக்கக் கூடாது என்பதும், கேளாத குழந்தையிடம் கரும்பலகையைப் பார்த்தபடி பேசக் கூடாது என்பதும் மரியாதையின் இலக்கணங்கள். அவற்றைக் கற்காமல் ஒருவருக்கு எவ்வளவு கருணை இருந்தாலும் பயனில்லை.

அன்பைப் பாடத்திட்டமாக்க முடியுமா, நான்கு ஆண்டு வகுப்பில் உட்கார்ந்தால் கருணை வந்துவிடுமா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. பட்டம் பெற்றும் பொறுமையற்றவர்கள் இருக்கலாம். எழுத்தறியாத ஒரு பாட்டி தன் பேரனின் சைகைகளை எல்லோரையும்விட நன்றாகப் புரிந்துகொள்ளலாம். ஆனால் திருக்குறளே இதற்கு ஒரு வழி காட்டுகிறது. அருள் என்பது அன்பு ஈன்ற குழந்தை, அதை வளர்ப்பது பொருள் என்ற செவிலித்தாய் என்று 757ஆம் குறள் சொல்கிறது. அன்பு தொடர்புடையவர்கள்மேல் செல்வது, அருள் தொடர்பில்லாத எல்லா உயிர்மேலும் செல்வது என்று பரிமேலழகர் வேறுபடுத்துகிறார். பாட்டியிடம் இருப்பது அன்பு. அது தன் பேரனுக்குப் போதும். பக்கத்து ஊரில் இருக்கும், முன்பின் தெரியாத, வேறு வகைக் குறைபாடுள்ள குழந்தைக்கு அது எட்டாது. ஆசிரியரிடம் வேண்டியது அருள். பெற்றெடுத்தால் மட்டும் அது பிழைத்துவிடாது, வளர்க்க ஆள் வேண்டும் என்பதே குறளின் கருத்து. செவிலியின் இடத்தில் வள்ளுவர் பொருளை வைத்தார். இந்தத் தொழிலில் அந்த இடத்தில் பயிற்சியையும் சேர்த்து வைக்க வேண்டும் என்பேன். கருணையைப் பட்டப்படிப்பு உண்டாக்குவதில்லை. உண்டான கருணை பட்டினியால் சாகாமல் பார்த்துக்கொள்கிறது. என்ன செய்வதென்று தெரியாத கருணை சில மாதங்களில் சலிப்பாகவும், சில ஆண்டுகளில் கோபமாகவும் மாறிவிடும். அந்தக் கோபம் போய்ச் சேரும் இடம் குழந்தை.

வினைக் கோட்பாட்டின் பெயரால் எழும் மறுப்பு இதைவிட ஆழமானது. இது முற்பிறவிப் பயன், இதை மாற்ற முயல்வது விதியோடு மல்லுக்கு நிற்பது என்ற எண்ணம் இன்றும் பல வீடுகளில் வெளியே சொல்லப்படாமல் இருக்கிறது. தாயின் குற்றவுணர்வாகவும் உறவினரின் மௌனமாகவும் அது வாழ்கிறது. பல்லக்கில் ஏறிப் போகிறவனையும் அதைச் சுமக்கிறவனையும் காட்டும் 37ஆம் குறளை உரையாசிரியர்கள் இருவிதமாகப் படித்திருக்கிறார்கள். அறத்தின் பயன் அந்தக் காட்சியிலேயே தெரிகிறது, நூல் கொண்டு சொல்ல வேண்டியதில்லை என்பது பரிமேலழகர் உரை. அந்த இருவரைக் காட்டி, அறத்தின் வழி இதுதான் என்று சொல்லாதே என்று தடுப்பதாகக் கொள்வது இன்னொரு உரை. எந்த உரை வள்ளுவர் கருத்து என்பதை இலக்கண வல்லுநர்கள் பேசட்டும். வினைக் கோட்பாட்டை முழுமையாக ஏற்றுக்கொண்டாலும், அது ஆசிரியருக்கு விடுமுறை தருவதில்லை என்பதே இங்கு வேண்டியது. ஏனென்றால் அந்தக் கோட்பாடு வினையைச் சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என மூன்றாகப் பிரிக்கிறது. குழந்தையின் உடல்நிலை பிராரத்தம் என்று வாதத்துக்கு ஏற்றுக்கொண்டால்கூட, அந்தக் குழந்தையைப் பார்த்துக் கதவைச் சாத்துகிறவர் செய்வது அவருடைய ஆகாமியம், இனி அவரைத் தொடரப்போகும் புது வினை. பிறருடைய பழைய வினையைக் கணக்குப் பார்க்கும் வேலையை எந்தச் சமயமும் மனிதரிடம் ஒப்படைக்கவில்லை. யோவான் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தில், பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்டு, பாவம் செய்தது இவரா இவருடைய பெற்றோரா என்று சீடர்கள் கேட்கும்போது, இயேசு இரண்டையும் மறுக்கிறார். குர்ஆனின் 80ஆம் அத்தியாயமான அபஸ, அறிவு தேடி வந்த பார்வையற்ற ஒருவரிடமிருந்து முகம் திருப்பப்பட்டதைக் கண்டிக்கும் வசனங்களோடு தொடங்குகிறது. காரணம் தேடுவதை விட்டுவிட்டுக் கடமையைப் பார் என்ற திசையிலேயே மரபுகள் கை காட்டுகின்றன.

இங்கே ஒரு எச்சரிக்கையும் தேவை. எல்லோரும் கற்க முடியும் என்ற நம்பிக்கையே கொடுமையாக மாறிய வரலாறு உண்டு. 1880இல் மிலான் நகரில் கூடிய கேளாதோர் ஆசிரியர் மாநாடு, சைகை மொழியை விலக்கி வாய்ப்பேச்சின் வழியாக மட்டுமே கற்பிக்க வேண்டும் என்று தீர்மானித்தது. அந்த மாநாட்டில் வாக்களித்தவர்கள் பெரும்பாலும் கேட்கும் திறனுள்ளவர்கள். அதன் விளைவாகப் பல நாடுகளில் நூறாண்டுக் காலம் கேளாத குழந்தைகள், தங்களுக்கு இயல்பாக வந்த மொழியைப் பேசியதற்காகத் தண்டிக்கப்பட்டார்கள். 2010இல் வான்கூவரில் கூடிய அதே மாநாட்டு மரபினர் அந்தத் தீர்மானத்துக்காக வருத்தம் தெரிவித்தார்கள். மிலானில் கூடியவர்கள் பயிற்சியில்லாதவர்கள் அல்லர், அன்பில்லாதவர்களும் அல்லர். நிபுணர் என்ற நிச்சயம்தான் அவர்களைக் கெடுத்தது. அப்படியானால் நிபுணர்களை உருவாக்கும் பட்டப்படிப்பே ஆபத்தானதில்லையா? பயிற்சியைக் கைவிடுவது இதற்கு மருந்தாகாது. பயிற்சி எதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதைத்தான் மிலான் கற்றுத்தருகிறது: குழந்தையை நம்மைப்போல் ஆக்குவதல்ல நோக்கம் என்பதையும், மாற்றுத்திறனாளிகள் தங்கள் வாழ்க்கையைப் பற்றிச் சொல்வதே முதல் பாடநூல் என்பதையும். இத்தார்கூட விக்டரிடம் பேச்சை மட்டுமே வெற்றியின் அளவுகோலாக வைத்ததால்தான், அவன் எழுத்துகளை அடையாளம் கண்டதையும், பிறர் துயரத்தை உணர்ந்து நடந்ததையும் தோல்வியின் கணக்கில் எழுத நேர்ந்தது.

அந்த அளவுகோலைப் பற்றிய கேள்வி, பலவகைக் குறைபாடுகள் ஒன்றாகச் சேர்ந்த ஒரு குழந்தையின் முன்னால் இன்னும் கூர்மையாகிறது. அந்தக் குழந்தை ஒருபோதும் எழுதப் படிக்கப் போவதில்லை, தனியாக நடக்கப் போவதில்லை. அதற்குக் கல்வி என்ற சொல் பொருந்துமா, பராமரிப்பு போதாதா? மணிமேகலைக் காப்பியத்தில் ஆபுத்திரன் மதுரையில் பார்வையற்றோரையும் கேளாதோரையும் நடக்க இயலாதோரையும் அழைத்து உணவளிக்கிறான். பசி தீர்ப்பது பேரறம் என்று நம் மரபு கொண்டாடுவது சரியே. ஆனால் ஊட்டப்படும் குழந்தைக்கு, வேண்டாம் என்று சொல்லவும் ஒரு வழி வேண்டும். இரண்டு பொருள்களைக் காட்டினால் ஒன்றைக் கண்ணால் தேர்வது, ஒரு படத்தைத் தொட்டுத் தண்ணீர் கேட்பது, தாகம் என்பதற்கு ஒரு சிறு ஒலி எழுப்புவது ஆகியவற்றில் ஒன்றைக் கற்பிக்க ஓராண்டு ஆகலாம். அந்த ஓராண்டுக்குப் பின் அந்தக் குழந்தை பிறர் ஊட்டும்போது வாய் திறக்கும் உடலாக மட்டும் இருப்பதில்லை; தன் விருப்பத்தைத் தெரிவிக்கும் ஓர் உயிராக நம் முன் நிற்கிறது. கல்வி என்பது தன் வாழ்க்கையின்மேல் தனக்குள்ள சொல்லுரிமை விரிவதே என்று கொண்டால், கல்லூரிப் பட்டத்துக்கும் அந்தக் கண்ணசைவுக்கும் உள்ள வேறுபாடு தூரத்தில்தான், திசை ஒன்றே. சைவ சித்தாந்தத்தில் பக்குவம் என்று ஒரு சொல் உண்டு. உயிரின் பக்குவத்துக்கு ஏற்பவே உபதேசம். அந்தச் சொல்லைக் காத்திருப்பதற்கான சாக்காக மாற்றிவிடுவது எளிது. மாஸ்கோவில் குறைபாடுள்ள குழந்தைகளின் கல்வியை ஆராய்ந்த விகோட்ஸ்கி, கற்பித்தல் வளர்ச்சியின் பின்னால் நடக்கக் கூடாது, முன்னால் நடந்து அதை இழுத்துச் செல்ல வேண்டும் என்று வாதிட்டார். பக்குவம் வரட்டும் என்று காத்திருக்காமல் அது வருவதற்கு வேண்டியதைச் செய்பவரே ஆசிரியர்.

நடைமுறை அறிந்தவர்கள் எழுப்பும் ஒரு கேள்வியும் இருக்கிறது. சிறப்புக் கல்விக்குத் தனிப் பட்டம், தனி ஆசிரியர் என்று பிரித்துவிட்டால், மற்ற ஆசிரியர்கள் அது என் வேலையில்லை என்று கைகழுவிவிட மாட்டார்களா? இந்த ஆபத்து உண்மையானது. பல பள்ளிகளில் நடப்பதும் இதுவே. ஆனால் கண் மருத்துவர் இருப்பதால் பொது மருத்துவர் கண்ணைப் பார்க்காமல் விடுவதில்லை. ஆழமாகத் தெரிந்த ஒருவர் பள்ளியில் இருந்தால்தான் மற்றவர்கள் கொஞ்சமாவது தெரிந்துகொள்வார்கள். 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தொடக்கப் பள்ளியில் பத்துச் சிறப்புக் குழந்தைகளுக்கும், நடுநிலைப் பள்ளியில் பதினைந்து குழந்தைகளுக்கும் ஒரு சிறப்பு ஆசிரியர் வேண்டும் என்று விகிதம் வகுத்தது. அதற்கேற்ப மாநிலங்கள் பணியிடங்களை உருவாக்கியாக வேண்டும் என்று 2025 மார்ச்சில் மறுபடியும் உத்தரவிட நேர்ந்தது. 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் குழுமச் சட்டம், பதிவு பெறாதவர் இந்தத் தொழிலைச் செய்வதையே தண்டனைக்குரியதாக ஆக்கியிருக்கிறது. தகுதியை இவ்வளவு கண்டிப்பாகக் கேட்கும் நாடு, தகுதி பெற்றவர்களைப் பல மாநிலங்களில் ஒப்பந்தத்தில், குறைந்த தொகுப்பூதியத்தில் ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கிறது. இது தெய்வப் பணி, சேவை என்ற புகழ்ச்சி இந்த அநீதிக்குத் திரையாகப் பயன்படுகிறது. சேவை செய்பவர் தம் விருப்பப்படி வருவார், போவார். குழந்தை அவரிடம் கணக்குக் கேட்க முடியாது. தொழிலாகச் செய்பவரிடம் கேட்கலாம்: தனிநபர் கல்வித் திட்டத்தில் எழுதிய குறிக்கோள் ஏன் நிறைவேறவில்லை, அடுத்து என்ன மாற்றப்போகிறீர்கள் என்று. கருணை கொடுப்பவர் கையில் இருக்கிறது. கடமை குழந்தையின் உரிமையில் இருக்கிறது. முறையான படிப்பும் முறையான ஊதியமும் அந்த உரிமைக்கு வேலி.

பதினெட்டு வயதில் இந்தப் படிப்பைத் தேர்கிற ஒருவர் இவ்வளவையும் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார். இடம் கிடைத்தது என்று வந்தவராகவும் இருக்கலாம். அதில் தவறில்லை, நம்பிக்கையோடு வந்து முறையைக் கற்பவர்களும் உண்டு, முறையைக் கற்றுக்கொண்டே நம்பிக்கைக்கு வந்து சேர்பவர்களும் உண்டு. பவணந்தியார் நல்லாசிரியருக்குச் சொன்ன உவமைகளில் முதலாவது நிலம். பெருமையும் பொறுமையும் உடைய நிலம், உழவன் பருவத்தில் எவ்வளவு உழைக்கிறானோ அவ்வளவே விளைச்சல் தரும். அந்த உவமையில் உழைக்க வேண்டியவன் மாணவன். உழ வலுவில்லாதவன் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். தகாதவர் பட்டியலில் மந்தனும் பிணியனும் சேர்ந்ததற்கு அந்த உவமைக்குள்ளேயே காரணம் இருக்கிறது. சிறப்புக் கல்வியைக் கற்கிறவர் அந்த உவமையைத் திருப்பிப் போடுகிறார்: ஆசிரியர் ஏர் பிடிக்கிறார், நிலமாக இருப்பது குழந்தை. நல்ல உழவன் எந்த மண்ணையும் விளையாத மண் என்று முதல் நாளே சொல்லமாட்டான். கையில் எடுத்துப் பார்ப்பான், எந்தப் பருவத்தில் எது விளையும் என்று விசாரிப்பான், விளையவில்லையென்றால் மண்ணைத் திட்டாமல் தன் உழவை மாற்றிப் பார்ப்பான். எல்லா உயிருக்குள்ளும் அறிவு இருக்கிறது என்று நம்பிய முனிவர் நூலைத் தொடங்கிய இடத்தில், கற்பிக்கத் தகாதவர் என்று ஒரு பட்டியல் இருந்தது. கற்பிக்க நாம் இன்னும் கற்காதவை என்று அதற்குப் புதுத் தலைப்பிட்டு, ஒவ்வொரு பெயராக அடித்துக்கொண்டே வருவதுதான் இந்தப் பட்டத்தின் வேலை.